பந்து ஓரத்தில்தான் இருக்கட்டும்

கேள்வி: நான் விமானப் பயிற்றுநராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. என் மாணவருக்கு மற்றதெல்லாம் நன்றாக வருகிறது. சைடுஸ்லிப் (ஒரு இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கக் காலை மிதித்து, மூக்கு திரும்பாமல் சறுக்கிப் பறப்பது) என்றால் மட்டும் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது, வேகமும் குறைகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முதல் நாளிலிருந்து "பந்தை நடுவில் வை" என்று அவரிடம் சொல்லி வந்திருப்பீர்கள்; விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் ஓரத்துக்குப் போகும் கருவிப் பலகைப் பந்தைத்தான் சொல்கிறேன். இப்போது திடீரென்று பந்தை ஓரத்தில் விடச் சொல்கிறீர்கள். தலை ஒப்புக்கொண்டாலும் கால் கேட்காது. அடுத்த முறை அவருடைய முழங்காலைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கால்களும் விறைத்து, ரடரை (வாலில் உள்ள, மூக்கைத் திருப்பும் பலகையை) இயக்கும் இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். "ஷூவுக்குள் விரலை அசை" என்று சொல்லுங்கள், கால் தளரும்.

அப்புறம், தரையிறங்கும்போது இதைத் தொடங்காதீர்கள். 3,000 அடி உயரத்தில், கீழே ஒரு நேர்ச் சாலையைப் பிடித்துக்கொண்டு வேலையைப் பிரியுங்கள். இடது இறக்கையைப் பத்து டிகிரி தாழ்த்திப் பிடிப்பது மட்டும் அவர் வேலை. மூக்கைத் தொடுவானத்தில் ஒரே புள்ளியில் நிறுத்தி வைப்பது உங்கள் வலது காலின் வேலை. நாலைந்து முறைக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்: கை உங்களுடையது, கால் அவருடையது. மூக்கு தாழ்ந்த இறக்கைப் பக்கம் நகர்ந்தால் ரடர் போதவில்லை, எதிர்ப்பக்கம் ஓடினால் அதிகம். இதை அவர் தானாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு இரண்டையும் அவரிடமே விடலாம். முழு ரடரை மிதித்தும் திரும்பல் நிற்கவில்லையா? சரி, இறக்கையை அளவுக்கு மேல் சாய்த்துவிட்டார். அந்த எல்லையையும் மேலே இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.

குறுக்குக் காற்றில் இறங்கும்போது இந்தப் பிரிவினைதான் கைகொடுக்கும். காற்று ரன்வேயிலிருந்து தள்ளுவதை ஏலரான் (இறக்கையைச் சாய்க்க, கையால் இயக்கும் பலகை) பார்த்துக்கொள்ளும், மூக்கை ரன்வேக்கு நேராக வைப்பதை ரடர் பார்த்துக்கொள்ளும். வேகம் குறையக் குறைய இரண்டும் பிடிப்பை இழக்கும் என்பதால், கையும் காலும் இன்னும் அதிகமாக நகர வேண்டியிருக்கும். காற்று வரும் பக்கத்துச் சக்கரம்தான் முதலில் தரையைத் தொட வேண்டும்.

வேகம் குறைவது தனி விஷயம். ஸ்லிப்பில் விமானத்தின் பக்கவாட்டு உடம்பு காற்றுக்குக் குறுக்கே நிற்பதால் இழுவை கூடும். உயரம் இறங்குவதைப் பார்த்து மாணவர் தன்னையறியாமல் ஸ்டிக்கை இழுப்பார். வேகமானியையும் அப்போது முழுசாக நம்ப முடியாது, காற்று சாய்வாக வருவதால் பல விமானங்களில் அது தப்பாகக் காட்டும். எனவே முள்ளைத் துரத்தாமல் மூக்கின் நிலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே வரும்போது மூக்கைத் தாழ்வாக வைத்தபடி கையையும் காலையும் சேர்ந்தே தளர்த்த வேண்டும். தூக்கிய மூக்கோடு ரடரைச் சட்டென்று விடுவதுதான் நான் பயப்படுகிற இடம்.

உங்கள் விமானத்தின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். சில செஸ்னா 172 மாடல்களில் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) அதிகம் இறங்கியிருக்கும்போது ஸ்லிப்பைத் தவிர்க்கச் சொல்லியிருக்கும். டாங்கியில் எரிபொருள் குறைவாக இருக்கும்போது நீண்ட நேரம் ஸ்லிப்பில் இருந்தால், எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சினுக்குப் போகாமல் நின்றுவிடலாம்.

இது சின்ன விமானத்து வித்தை என்று மாணவர் அலட்சியமாக நினைத்தால், 1983-இல் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடா போயிங் 767-ஐக் கேப்டன் ராபர்ட் பியர்சன் ஸ்லிப் செய்தே உயரத்தைக் குறைத்துக் கனடாவின் கிம்லியில் இறக்கினார் என்று சொல்லுங்கள். அவர் கிளைடரும் ஓட்டியவர்.