பச்சை யாருடைய நிறம்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஏப்ரல் 8, சர்வதேச ரோமா தினத்துக்கு எங்கள் வாசகர் வட்டம் கண்காட்சி வைக்கிறது. ஐரோப்பாவில் பரவி வாழும், மற்றவர்கள் 'ஜிப்சி' என்று அழைத்த ரோமா மக்களின் கொடியில் பாதி பச்சை. இங்கே பச்சையைக் கண்டால் முஸ்லிம்கள் என்றுதான் எடுப்பார்கள். எப்படி விளங்கப்படுத்துவது?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இலங்கைத் தேசியக் கொடியில் பச்சைப் பட்டி முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு என்று பங்கு பிரித்துப் படித்த கண் நமக்கு. ரோமா கொடியில் அந்தக் கணக்கு இல்லை. மேலே நீலம், வானம். கீழே பச்சை, பூமி. ரோமா மக்களில் கத்தோலிக்கரும் உண்டு, பால்கன் நாடுகளில் முஸ்லிம்களும் உண்டு. தனக்கு எத்தனை அங்குலம் என்று அளக்க அதில் இடமே விடவில்லை. நீலமும் பச்சையும் 1933இல் ருமேனியாவில் வந்தவை. நடுவிலுள்ள சிவப்புச் சக்கரத்தோடு அதை ஏற்றது 1971 ஏப்ரலில், லண்டனுக்குப் பக்கத்தில் ஓர்பிங்டனில் கூடிய முதலாவது உலக ரோமா மாநாடு. சக்கரம் இந்தியப் பூர்வீகத்தையும் குறிக்கும், வண்டிச் சில்லையும் குறிக்கும். அதற்காக எல்லோரையும் 'நாடோடிகள்' என்று எழுதிவிடாதீர்கள். ருமேனியப் பகுதிகளில் 1850கள் வரை அவர்கள் அடிமைகளாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள்.

கேள்வி: அச்சடித்த பனரில் சக்கரம் இந்தியக் கொடியில் இருப்பது போலவே வந்துவிட்டது. கையால் தைக்கலாமா?
வாசகர், கல்முனை

பதில்: இணையத்தில் அகப்பட்ட அசோகச் சக்கரத்துக்குச் சிவப்பு பூசியிருப்பார்கள். அதில் 24 ஆரக்கால். ரோமா சக்கரத்தில் 16. தைப்பதே நல்லது. மூன்றடிக்கு இரண்டடிக் கொடிக்கு நீலத்திலும் பச்சையிலும் 38 அங்குல நீளம், 13½ அங்குல அகலத்தில் ஒவ்வொரு துண்டு வெட்டுங்கள். நடு மூட்டுக்கு அரை அங்குலம், ஓரம் மடிக்க ஓர் அங்குலம் அதிலேயே அடங்கும். 12 அங்குல விட்டமுள்ள வட்டத்தை மெல்லிய தாளில் வெட்டி நான்கு தரம் பாதி பாதியாக மடித்து விரித்தால் 16 கோடு விழும். தடித்த மட்டையில் செய்தால் நான்காவது மடிப்பு விலகி, ஆரக்கால்கள் ஒருபக்கம் நெருங்கிவிடும். ஆரக்காலைத் துணியில் வெட்டித் தைக்கப் போனால் நூல் பிரியும். அச்சுத்தாள் வெட்டி வைத்துத் துணிச்சாயம் ஒற்றுங்கள். மையம் மூட்டின் மேல் சரியாக விழவேண்டும். கட்டும்போது நீலம் மேலே!

கேள்வி: பெயரும் கொடியும் பேசத் தொடங்கினாலே எங்கள் கூட்டங்கள் உடைகின்றன. பல நாட்டு ரோமா மக்கள் அந்த 1971 மாநாட்டில் எப்படி ஒத்துப்போனார்கள்?
வாசகர், ஏறாவூர்

பதில்: அவர்கள் காணி கேட்டு வரவில்லை. அதனால் எல்லைச் சண்டை இல்லை. கொடி, கீதம், மற்றவர்கள் வைத்த 'ஜிப்சி'க்குப் பதிலாக 'ரோமா' என்ற பெயர் ஆகியவற்றை முடிவாக்கிவிட்டு, கல்வி, மொழி, போர்க்குற்றம் போன்றவற்றைத் தனித்தனிக் குழுக்களிடம் விட்டார்கள். நாஜிகள் செய்த படுகொலை எல்லாக் குழுக்களையும் தொட்ட காயம். அங்கே வாதத்துக்கு இடமில்லை. பெயர் மட்டும் முழுதாக ஒட்டவில்லை. ஜெர்மனியில் வாழும் சிந்தி (Sinti) என்ற குழுவினர் தங்களை ரோமாவுக்குள் அடக்க மறுத்ததால், அங்கே 'சிந்தி, ரோமா' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். உங்கள் கூட்டத்திலும் பெயரைக் கடைசிக்குத் தள்ளி, இரு பக்கமும் ஏற்கும் ஒரு கோரிக்கையை முதலில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து அளிக்கம்பைக் கிராமத்தில் 'ஜிப்சி' என்றே அழைக்கப்படும் வனக்குறவர்களும் ரோமாதானே?
வாசகர், திருக்கோவில்

பதில்: இல்லை. அவர்கள் மொழி தெலுங்கு, திராவிடக் குடும்பம். ரோமானி மொழி ஹிந்தி, பஞ்சாபியின் உறவு. படம் எடுப்பதற்காக அவர்கள் கையில் இந்தக் கொடியைக் கொடுக்காதீர்கள்.