தேயிலைக் கொழுந்தில் ஜாஸ்மோனிக் அமிலம் அளப்பது: கேள்வி பதில்

ஹட்டன்: சேர், பூச்சி கடித்த கொழுந்திலும் கடிக்காத கொழுந்திலும் ஜாஸ்மோனிக் அமிலம் (காயம்பட்ட செடி உண்டாக்கும் தற்காப்பு ஹார்மோன்) ஒரே அளவாக வருகிறது. ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். மெஷினில் (சாற்றைப் பிரித்து அயன்களை நிறையால் அளக்கும் கருவி) பிழையா?

மெஷினில் பிழை இருக்காது. கிள்ளுவதே இலைக்குக் காயம்தான். காயம்பட்ட சில நிமிடங்களிலேயே இலை தன் லினோலெனிக் கொழுப்பமிலத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஐஸ் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆய்வகம் வந்து சேரும்போது உங்கள் இரண்டு கொழுந்தும் காயப்பட்டவைதான்.

திரவ நைட்ரஜன் குடுவையைச் செடியடிக்கே கொண்டுபோங்கள். ஒருவர் கிள்ள, மற்றவர் அந்தக் கையோடு குழாயில் போட்டு முக்க வேண்டும். 10 விநாடி தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். குழாய் மூடியில் ஊசித் துளை இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த நைட்ரஜன் ஆவியாகிக் குழாய் வெடிக்கும். வேனில் கண்ணாடியைத் திறந்து வைத்தே வாருங்கள், மூச்சுத் திணறல் விளையாட்டல்ல. மூட்டம் விலகி இலை காய்ந்த பிறகு பறியுங்கள்: ஒட்டிய ஈரம் உறைந்து எடையைக் கூட்டிவிடும். எல்லா நாளும் ஒரே நேரத்தில் பறிப்பதும் முக்கியம்.

பேராதனை: பிரித்தெடுக்கும் அளவுகளைச் சொல்லுங்கள் சேர்.

உறைந்த கொழுந்தை அரைத்த தூள் 100 மில்லிகிராம், முன்பே குளிர்வித்த குழாயில் நிறுங்கள். உருகுமுன் 80% மெத்தனால் 1 மில்லிலீட்டர், அதில் 0.1% ஃபார்மிக் அமிலம். உள்நியமம் (ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) இந்தக் கரைப்பானிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்தால் வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியவே தெரியாது. 4 பாகை செல்சியஸில் 30 நிமிடம் குலுக்கி, மையநீக்கியில் சுற்றி, தெளிந்ததைச் சி18 கார்ட்ரிட்ஜில் (எண்ணெய்த் தன்மையுள்ளவற்றைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்) விடுங்கள். பச்சையம் அதில் தங்கும், அமிலம் தாண்டி வரும். வந்ததை நைட்ரஜன் வாயு ஊதி ஆவியாக்கும்போது மெத்தனால் போய் நீர் மிஞ்சுமிடத்தில் நிறுத்துங்கள். வறளவிட்டால் அமிலம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். மிஞ்சிய நீரளவு மெத்தனால் சேர்த்து வடிகட்டி மெஷினில் செலுத்துங்கள். கஃபீனும் கேட்டெச்சினும் முதலில் வெளிவரும். அந்த நிமிடங்களை வால்வால் கழிவுக்குத் திருப்பிவிட்டால் மெஷினில் அயன் உண்டாக்கும் பகுதி அழுக்காகாது.

பதுளை: டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) சேர்ந்த உள்நியமம் விலை கூட. டைஹைட்ரோஜாஸ்மோனிக் அமிலம் போதுமா?

ஒப்பீட்டுக்குப் போதும், அதற்கு 211→59 (முழு அயனின் நிறை → அது உடைந்து தரும் துண்டின் நிறை). ஆனால் அது வேறு நேரத்தில் வெளிவருவதால் அயன் அடக்கம் (கூட வரும் பொருள்கள் சிக்னலைக் குறைப்பது) ஒரேமாதிரி இராது. இலைச் சாற்றிலேயே தெரிந்த அளவைச் சேர்த்து அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று சரிபாருங்கள்.

தலவாக்கலை: ஜாஸ்மோனிக் அமிலத்தின் 209→59இல் இரண்டு பீக் வருகிறதே?

59 வெறும் அசிட்டேட் அயன், பல அமிலங்களும் அதைத் தரும். நியமத்தின் நேரத்தோடு பொருந்துவதை மட்டும் எடுங்கள். பக்கத்துச் சிறு பீக் அதே அமிலத்தின் எபிமராகவும் (ஒரே ஓர் இடத்தில் மட்டும் அணு அமைவின் திசை மாறிய வடிவம்) இருக்கலாம். ஜாஸ்மோனிக் அமிலம் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்த பொருளின் 322→130இலும் இதே கவனம் வேண்டும்: ஐசோலூசின் இணைப்பும் லூசின் இணைப்பும் ஒரே நிறை, பிரிக்கும் பத்தியில் (காலம்)தான் பிரியும். மெத்தில் ஜாஸ்மோனேட் எதிர் முறையில் (எதிர்மின் அயன்களை அளப்பது) தெரியாது. நேர் முறையில் (நேர்மின் அயன்கள்) 225→151 பாருங்கள்.