ரத்தம் ஓடாத இடத்தில் தையல் பிடிக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 57. இரண்டு மாதத்துக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கையைத் தூக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தோள் தசைநாண் முழுக்கக் கிழிந்திருப்பது தெரிந்தது. தைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ‘அங்கே ரத்த ஓட்டமே கிடையாது, தைத்தாலும் ஒட்டாது’ என்கிறார் கொழுந்தனார். இவருக்குச் சுகர் உண்டு, சிகரெட்டும் உண்டு. என்ன செய்வது?

பதில்: கொழுந்தனார் சொல்வதில் பாதிதான் சரி. சூப்ராஸ்பைனேட்டஸ் என்ற அந்தத் தசைநாண், எலும்பில் போய்ப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் பெரும்பாலும் கிழிகிறது. அமெரிக்க மருத்துவர் காட்மன் 1934-லேயே இதைக் குறித்திருக்கிறார். 1970-ல் ராத்பன், மக்நாப் இருவரும் இறந்தவர்களின் தோள் ரத்தக்குழாய்களில் எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலைச் செலுத்திப் பார்த்தார்கள். கை உடலோடு ஒட்டித் தொங்கும்போது அந்த இடத்துக் குழாய்கள் பிழிந்த துணிபோல் வெறுமையாகக் கிடந்தன. கையை விலக்கியதும் நிரம்பின. குழாய்கள் இருக்கின்றன, குறைவாக இருக்கின்றன, அவ்வளவுதான். அதுவும் மூட்டைப் பார்த்த அடிப்பக்கத்தில்தான் குறைவு, மேல்பக்கத்தில் பரவாயில்லை.

ஆனால், தைத்த இடம் ஆறுவதற்குத் தசைநாணின் ரத்தத்தை மட்டும் நம்பி நாங்கள் தைப்பதில்லை. தசைநாண் உட்காரப்போகும் எலும்புப் பரப்பை முதலில் லேசாகச் சுரண்டுவோம். சிறு துளை வழியே கேமராவை விட்டுத் தைக்கும்போது, மூட்டுக்குள் நாங்கள் செலுத்தும் நீரின் அழுத்தத்தைக் குறைத்தால், அந்த எலும்பில் சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கசிவது கேமராவில் தெரியும். ஒட்டுவதற்கான செல்கள் பெரும்பாலும் அங்கிருந்தும், மேலே உள்ள பர்சா என்ற மெல்லிய பையிலிருந்தும்தான் வருகின்றன. கிழிந்த விளிம்பை ரத்தம் வரும்வரை வெட்டிக்கொண்டே போவதும் தேவையில்லை; தசைநாண் குட்டையாகி, தையலில் இழுவிசைதான் கூடும்.

எனக்குக் கவலை சிகரெட்டும் சுகரும்தான். நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். சுகர் ஏறியிருந்தால் ஆறுவது தாமதமாகும், கிருமித்தொற்று பயமும் உண்டு, தோளும் இறுகும். சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி சுகரைப் பார்த்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். விழுந்து கிழிந்த தசைநாண் நாளாக நாளாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தசை சூம்பி அதில் கொழுப்பு படியும். படிந்த கொழுப்பு தைத்த பிறகும் பெரும்பாலும் போகாது. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் ரத்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கிழிசல் எத்தனை செ.மீ., எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டிக் கேளுங்கள். தைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் கை ஸ்லிங்கில் இருக்கும், பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. அதற்கு லீவு கிடைக்குமா என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.