மென்பொருள் வேலைக்கு எந்த நிரலாக்க மொழியைக் கற்பது?

பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறீர்கள். சி, பைத்தான் இரண்டும் ஓரளவு தெரியும். வேலைக்காக எந்த ஒரு மொழியில் முழுமூச்சாக இறங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வகை வேலை என்பது உங்கள் மனத்தில் உறுதியாகியிருந்தால், அந்த வேலையே மொழியைச் சொல்லிவிடும். இன்னும் உறுதியாகவில்லை என்றால் ஜாவா படியுங்கள்.

வேலை உறுதியாகிவிட்டது என்றால் விவாதத்துக்கு அதிக இடமில்லை. ஐபோன் செயலி என்றால் ஸ்விஃப்ட். ஆண்ட்ராய்டு என்றால் கோட்லின். 2019 முதல் கூகுளே அதற்குத்தான் முன்னுரிமை தருகிறது. இணைய உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட், அதோடு அதில் வகைகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட். இயந்திரக் கற்றலுக்கு வரப்போகிறீர்கள் என்றால் பைத்தானை விட்டு நகரவே வேண்டாம். சலவை இயந்திரம் போன்ற கருவிகளுக்குள் ஓடும் நிரல்களுக்கு சி, சி++.

ஜாவாவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் வெளியிட்ட மொழி அது. 2010இல் ஆரக்கிள் வசம் போனது. பழைய நிரல் புதிய பதிப்பிலும் ஓட வேண்டும் என்பதில் அதை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். அதனால்தான் வங்கி, காப்பீடு போன்ற இடங்களில் அது வேரூன்றிவிட்டது. அந்த நிரல்களைப் பராமரிக்கவும் வளர்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொன்று, வகைச் சோதனை. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் பைத்தானில் அந்த வரி ஓடும்போதுதான் பிழை தெரியும். ஜாவாவில் நிரல் கம்பைல் ஆகவே ஆகாது, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போதே பிழை தெரிந்துவிடும். பலர் சேர்ந்து எழுதும் பெரிய நிரலில், புதிதாக வந்தவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் மொழியைத் தேர்ந்தெடுப்பதைவிட, அதில் எவ்வளவு ஆழம் போகிறீர்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேர்முகத் தேர்வில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஜாவாவில் இன்டிஜர் (Integer) வகையில் இரண்டு மாறிகள். இரண்டிலும் 127 என்று நேரடியாக எழுதி, இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால் உண்மை என்று வரும். அதே இடத்தில் 128 வைத்தால் பொய் என்று வரும். ஏன்?

இன்டிஜர் என்பது வெறும் எண் அன்று, நினைவகத்தில் தனியாக இருக்கும் ஒரு பொருள் (object). இரட்டைச் சமக்குறி, இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கிறதே தவிர மதிப்பைப் பார்ப்பதில்லை. −128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா பொருள்களை முன்பே உருவாக்கி வைத்து, கேட்கும்போதெல்லாம் அதையே தருகிறது. அதற்கு மேல் வழக்கமாகப் புதிய பொருள்தான். ஆகவே மதிப்பைப் பார்க்கும் ஈக்வல்ஸ் (equals) கொண்டு ஒப்பிட வேண்டும். சிறிய எண்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு நிரலை அனுப்பினால், வாடிக்கையாளர் எண் 128ஐத் தொடும் நாளில் அது தப்பாக நடக்கத் தொடங்கும். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கும் மாணவரை எனக்கு உடனே பிடித்துவிடும். அவரால் பிறகு சி ஷார்ப், கோ (Go) போன்ற வேறு மொழிகளுக்குச் சிரமமின்றி மாற முடியும். தன்விவரக் குறிப்பில் எட்டு மொழிகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, ஒன்றில்கூட இந்த அளவுக்கு இறங்காதவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உழைப்பு இருக்கிறது, சிதறிப்போகிறது.

எங்கே தொடங்குவது? கலெக்‌ஷன்ஸ் (பல தரவுகளைத் தொகுத்து வைக்கும் வகைகள்), விதிவிலக்குகளை (ஓடும்போது வரும் பிழைகளை) கையாளுதல், த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டுவது) ஆகிய மூன்றிலும் கை நன்றாகப் பழகட்டும். கூடவே தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) கட்டாயம். இரண்டு அட்டவணைகளை இணைத்து விடை எடுக்கத் தெரியாமல் எந்த வங்கி மென்பொருளிலும் வேலை செய்ய முடியாது. ஜாவாவில் வலைச் சேவைகளை எழுத உதவும் சட்டகமான ஸ்பிரிங் பூட் அதன் பிறகு வரட்டும். முதலிலேயே அதற்குப் போனால், பிழை வரும்போது அது ஜாவாவிலா ஸ்பிரிங்கிலா என்றே பிரித்தறிய முடியாது.

ஜாவா நிரல் எழுதி ஓட்டத் தேவையான ஓபன்ஜேடிகே (OpenJDK) இலவசம், 21ஆம் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். வேலையில் 2014இல் வந்த 8ஆம் பதிப்பில் எழுதிய நிரலும் கைக்கு வரலாம். லாம்டா (பெயரில்லாத சிறு செயற்கூறு) நுழைந்தது அந்தப் பதிப்பில்தான் என்பதால், அதற்கு முந்தைய நடை, பிந்தைய நடை இரண்டையும் படித்துப் பழகுங்கள்.