நடுவால எங்க போச்சு?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கமுங்க. சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. ராத்திரி ஷிப்டில் உங்கள் கட்டுரைகளை ஃபோனில் படிப்பேன். இன்றைக்கு என் மகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 'அட்வென்ச்சர் டைம்' என்றொரு கார்ட்டூனை என் ஃபோனில் பார்த்துப் பார்த்து, அதில் வருகிறவர்கள் எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி அந்தக் கார்ட்டூனின் காமிக்ஸ் முதல் இதழை அவளுக்கு வாங்கி வந்தான். அன்றிலிருந்து வேறு புத்தகத்தைத் தொடுவதில்லை. காக்கி அட்டை போட்டு வைத்திருக்கிறாள். துணியில் இழை எண்ண அவளுடைய அப்பா வைத்திருக்கிற பிக் கிளாஸை எடுத்துப் பக்கத்தின் அடியில் வைத்து வைத்துப் பார்க்கிறாள். என்ன அம்மிணி பண்றே என்று கேட்டால், "கீழ குட்டி எழுத்து இருக்குதும்மா" என்கிறாள்.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "கார்ட்டூன்ல பாத்ததையே காசு குடுத்துப் புத்தகமாவும் வாங்கோணுமா? அது வெறும் விளம்பரம்" என்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் பொம்மைப் புத்தகம் வேண்டாம், நல்ல கதைப் புத்தகமாகக் கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அவள் நிஜமாகவே படிக்கிறாளா, இல்லை பார்த்ததையே திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? அடுத்த இதழ்களும் வேண்டும் என்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமுங்களா?

பெயர் போட வேண்டாமுங்க.

ஒரு தங்கை,
சோமனூர்

*

அன்புத் தங்கைக்கு,

வாங்கிக் கொடுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அந்த பிக் கிளாஸைப் பற்றிப் பேச வேண்டும், எனக்கு அதை விட்டுவிட மனசில்லை.

தறிக்காரர் வீட்டில் பிறக்காதவர்களுக்கு: மடக்கி வைக்கிற சின்ன லென்ஸ் அது. அடியில் ஒரு இஞ்சுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை இருக்கும். துணிமேல் வைத்துக் கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோனால் நீளவாக்கில் ஓடுகிற பாவு எத்தனை இழை, குறுக்கே ஓடுகிற ஊடை எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். அதே லென்ஸைக் கலர் அச்சுமேல் வைத்தால் இன்னொன்று தெரியும். மகளிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் பார்த்திருப்பாள். ஒரே வண்ணமாகத் தெரிந்த இடமெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து கிடக்கும். நாலு மையில்தான் அத்தனை நிறமும் வருகிறது. பத்து வயசில் அதைத் தானாகவே கண்டுபிடிக்கிற பிள்ளை கொடுத்துவைத்தது.

இனி அந்தக் குட்டி எழுத்து. அந்தக் காமிக்ஸின் முதல் இதழ் 2012 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்தது. கதை எழுதியவர் ரயன் நார்த். படம் ஷெல்லி பேரோலின், பிரேடன் லாம்ப். ரயன் நார்த் 2003 முதல் இணையத்தில் ஒரு சித்திரத் தொடர் நடத்திவருகிறார். அதில் படத்தின்மேல் மவுஸை வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வரியை ஒளித்து வைப்பார். அதையே காகிதத்தில் செய்ய ஆசைப்பட்டுத்தான் பக்கத்தின் அடியில், கண்ணுக்குச் சட்டென்று படாத வெளிர் நிறத்தில், பொடி எழுத்தில் ஏதாவது சொல்லி வைக்கிறார். வாசிக்கிற பிள்ளையிடம் தனியாக வந்து காதில் பேசுகிற மாதிரி. கார்ட்டூனில் இதைச் செய்ய வழியே இல்லை. ஓடுகிற படத்தில் யார் நின்று அடியைப் பார்ப்பார்கள்?

உங்கள் மகள் நின்றிருக்கிறாள். லென்ஸ் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நின்றிருக்கிறாள். அவள் படிக்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். இதைவிடக் கூர்மையாக ஒரு பிள்ளை படித்து நான் பார்த்ததில்லை.

என் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். தாராபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை 'ஜங்கிள் புக்' போட ஆரம்பித்தார்கள், 1993இல். ஜப்பானில் செய்த கார்ட்டூன், இந்தியில் பேசும். பெரியப்பா வீட்டில் மட்டும்தான் டிவி. கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்ப ஒருத்தன் மொட்டை மாடியில் நிற்பான், மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பார்ப்போம். ஒரு வார்த்தை புரியாது. மௌக்ளியும் பாலு கரடியும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நாங்களாக வைத்துக்கொள்வோம்.

அந்த வருஷம் கோடு போடாத நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான் மௌக்ளி கதையை வரைந்தேன். மரஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, முதல் பக்கத்தில் 'இதழ் 1, விலை 25 பைசா' என்று எழுதினேன். எல்லாரும் எங்கள் ஊர் பேச்சுத்தான் பேசினார்கள். பாலு கரடி மௌக்ளியைப் பார்த்து, "ஏஞ்சாமி, இத்தனை நேரம் எங்க போய்ச் சுத்தீட்டு வார?" என்று கேட்கும்.

அதில் பகீரா என்கிற கருஞ்சிறுத்தை பாறையிலிருந்து பாய்கிற இடம் வந்தது. டிவியில் ஒரே பாய்ச்சல், அரை நிமிஷம்கூட ஆகாது. நான் மூன்று கட்டமாகப் போட்டேன். பாறைமேல் பதுங்கி நிற்கிறது. அந்தரத்தில் நீண்டு கிடக்கிறது. கீழே மண்ணில் நான்கு காலையும் ஊன்றியிருக்கிறது. முடித்ததும் அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, படம் என்றால் காலண்டரில் முருகன் படம் பார்த்ததுதான். ரொம்ப நேரம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குச் சாமி மூணு பூனை எழுதியிருக்கற?" என்றது.

மூணு பூனை இல்லை ஆத்தா, ஒரே பூனைதான், முதல்ல இங்க நிக்குது, அப்பறம் தாவுது, அப்பறம் விழுந்துருச்சு என்று விரலை வைத்துக் காட்டினேன். அப்பத்தா ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் இருந்த வெள்ளைச் சந்தில் விரலை வைத்து, "அப்ப நடுவால எங்க போச்சு?" என்று கேட்டது.

முப்பது வருஷமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. நடுவால போனதை அப்பத்தா சரியாகவே கண்டுபிடித்துவிட்டது. அந்த வெள்ளைச் சந்தில்தான் பாய்ச்சல் இருக்கிறது, அதை வாசிக்கிறவர்தான் பாய வைக்க வேண்டும். அது தானாக வந்துவிடுவதில்லை. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் கோக்கிறது ஒரு படிப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரிதான் அதுவும். என் அப்பத்தா அறுபத்தைந்து வயசில் அதன் முதல் எழுத்தில் நின்றது. உங்கள் மகள் பத்து வயசில் அதில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கார்ட்டூனிலேயே பாருங்கள். ஜேக் என்கிற மஞ்சள் நாய் நினைத்தபடி உடம்பை நீட்டும், வீங்க வைக்கும். டிவியில் அது நீளுவதை ஓவியர்களே முழுதாக வரைந்து காட்டிவிடுகிறார்கள். ஒரு அத்தியாயம் சுமார் 11 நிமிஷம். நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால் 15,840 ஃபிரேம். ஒரு காமிக்ஸ் இதழிலோ இருபது சொச்சம் பக்கம், நூறு சொச்சம் கட்டம். மிச்சத்தையெல்லாம் பிள்ளை போட்டுக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் ஜேக் சின்னதாக இருக்கும், அடுத்ததில் வீட்டு உயரம் நிற்கும். நடுவில் அதை வளர்த்தது உங்கள் மகள். பார்த்ததையே திரும்பப் பார்க்கிறாளோ என்று கவலைப்பட வேண்டாம், தங்கச்சி.

கார்ட்டூனை முன்னாலேயே பார்த்திருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஜேக்கோடு சுற்றுகிற பையன் ஃபின் எப்படிப் பேசுவான், ஜேக் குரல் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவள் காதில் இருக்கிறது. அதனால் தெரியாத ஆங்கில வார்த்தை வந்தாலும் குரலைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவாள். முன்பின் தெரியாத ஆட்கள் வருகிற புதுக் கதையில் அந்தத் தைரியம் வராது. பள்ளிக்கூடத்து டீச்சர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். நல்ல கதைப் புத்தகங்களும் வேண்டும். ஆனால் அவற்றைக் கொடுப்பதற்கு இதைப் பிடுங்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. விளம்பரம் என்கிறார். பாதிக்குப் பாதி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கார்ட்டூனை வைத்து வருகிற புத்தகங்களில் நிறைய குப்பைதான். ஓடுகிற படத்தை அங்கங்கே நிறுத்திப் பிடித்து, பக்கத்தில் ஒட்டி, வாயிலிருந்து பேச்சு எழுதிய ஒரு பலூனைத் தொங்கவிட்டு விற்பார்கள். அதை வாங்காதீர்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பலூன்களைக் கையால் மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பாருங்கள். யார் எங்கே போகிறார்கள், என்ன நடந்தது என்பது படத்தில் கொஞ்சமாவது தெரிய வேண்டும். எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் முகம் முகமாக நின்றுகொண்டே இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் கார்ட்டூனிலிருந்து பிறந்ததால் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. மிக்கி மவுஸ் 1928இல் திரைக்கு வந்தது. 1930 ஜனவரி 13 அன்று செய்தித்தாளில் சித்திரத் தொடராகவும் ஆரம்பித்தது. சில மாதங்களில் அதைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஃபிளாய்ட் காட்ஃபிரட்சன் என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் 1975 வரை அதையே வரைந்தார். திரையில் சேட்டை செய்துகொண்டிருந்த எலி அவர் கையில் துப்பறிந்தது, கடல் கடந்து போனது, பயப்படவும் செய்தது. கார்ல் பார்க்ஸ் டிஸ்னியில் கார்ட்டூன்களுக்குக் கதை அமைத்துக்கொண்டிருந்தவர். 1942இல் அதை விட்டுவிட்டுக் காமிக்ஸுக்கு வந்தார். டொனால்ட் டக்கின் மாமா ஸ்க்ரூஜ் 1947இல் அவர் வரைந்த காமிக்ஸில்தான் முதல்முதலில் வந்தது. நாற்பது வருஷம் கழித்து 1987இல் அந்தக் கஞ்ச மாமா 'டக்டேல்ஸ்' என்று டிவிக்குப் போனார். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அதையும்தான் பார்த்தோம். இதுவும் உங்கள் வீட்டுக்காரருக்காகத்தான் எழுதுகிறேன். ஓடிப் போன நூலே திரும்பி வந்து வேறு துணியாகிற கதை தறி ஓட்டுகிறவருக்குப் புரியும்.

உங்கள் மகள் கையில் இருக்கிறதும் அப்படிப்பட்ட நல்ல வேலைதான். பெண்டல்டன் வார்ட் உருவாக்கிய கார்ட்டூன் 2010இல் டிவியில் தொடங்கியது. அதை அப்படியே பிரதி எடுக்காமல், உலகத்தையே ஒரு பைக்குள் இழுத்துப் போடுகிற லிச் என்கிற வில்லனை வைத்துக் காமிக்ஸுக்கென்றே புதுக் கதை எழுதினார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் உலகத்தில் பெரிதாக மதிக்கிற ஐஸ்னர் விருது, சிறுவர் பிரிவில், 2013இல் அதற்குக் கிடைத்தது. முதல் கதை நான்கு இதழ் ஓடுகிறது. அதனால்தான் பிள்ளை அடுத்தது கேட்கிறாள், அந்தரத்தில் நிற்கிறாள் பாவம். நான்கையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் வந்திருக்கிறது, தனித்தனியாகத் தேடுவதைவிட அது சுலபம். மொத்தம் 75 இதழ். எல்லாம் வேண்டியதில்லை. 10ஆவது இதழ் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். அதில் அடுத்து என்ன நடக்கணும் என்பதை வாசிக்கிறவரே தேர்ந்தெடுத்து, கோடு போகிற வழியே போகலாம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருவீர்கள் என்றால் அங்கே காமிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு நடை பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பாதி விலையில் அகப்படும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு மனசை உறுத்துகிறது. அவள் அதை ஆங்கிலத்தில் மட்டுமே படிக்கிறாள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மாயாவி இங்கிலாந்துக்காரர். ஆனால் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து படித்த எங்களுக்கு அவர் தமிழ் பேசுகிறவர், அவ்வளவுதான். ஃபின்னும் ஜேக்கும் உங்கள் வீட்டில் தமிழ் பேசட்டும். ராத்திரி சோறு தின்னும்போது அந்த இதழை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு குரல் எடுத்துக்கொள்ளுங்கள். லிச் வந்து நின்றால் ஜேக், "அடக் கெரகமே, இவனெங்கடா வந்தான்!" என்றுதானே சொல்லும்? ஆங்கிலத்தில் இருக்கிற வார்த்தைக்கு ஈடாக எங்கள் ஊர்ப் பேச்சில் எதைப் போடலாம் என்று தேடும்போதுதான் அவளுக்கு இரண்டு மொழியும் பிடிபடும். அவளுடைய அப்பாவையும் உட்கார வையுங்கள். வில்லன் குரல் அவருக்குக் கொடுங்கள்.

இரண்டாம் இதழ் கைக்கு வர எப்படியும் நாளாகும். அதுவரைக்கும் கோடு போடாத நோட்டு ஒன்றும் ஸ்கேலும் வாங்கிக் கொடுத்து, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று அவளையே வரையச் சொல்லுங்கள். அடியில் குட்டி எழுத்துக்கு ஒரு விரல் இடம் விடச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள். விலையை அட்டையில் போடச் சொல்லுங்கள், மணியார்டர் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்