முட்டுவலி அம்மாவை ஒமான் குகைக்குள் அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் தம்பி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். டிசம்பரில் அம்மாவை அழைத்துப்போய் பாலைவனத்துக் குகை ஒன்றைக் காட்ட ஆசைப்படுகிறான். அம்மாவுக்கு 67 வயது, முட்டுவலி, லேசான இழுப்பும் (ஆஸ்துமா) உண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட், குகையும் மணல் சவாரியும் சேர்த்து ஒரே நாள் பேக்கேஜ் என்கிறார். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) முத்திரை இருப்பதால் அதைக் ‘கிளியர்’ பண்ணத் தனியாகப் பணம் வேண்டுமாம். கட்டலாமா?
- வாசகி, கருங்கல்

பதில்: போகலாம் சகோதரி. அந்த பேக்கேஜில் மட்டும் வேண்டாம்.

தம்பி சொல்வது பெரும்பாலும் அல் ஹூத்தா குகையாக இருக்கும். மஸ்கட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நிஸ்வாவைத் தாண்டி அல் ஹம்ரா ஊருக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. குகையின் மொத்த நீளம் நாலரை கிலோமீட்டருக்கும் மேல். சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்திருப்பது சுமார் 500 மீட்டர்தான். தனியாக நுழைய முடியாது, வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போகவேண்டும். வரவேற்பு மையத்திலிருந்து குகை வாசல் வரை குட்டி ரயில் விடுகிறார்கள். ரயில் பழுதானால் அந்தத் தூரமும் நடைதான். அன்று ரயில் ஓடுகிறதா என்று காலையிலேயே தம்பி போன் போட்டுக் கேட்டுவிடட்டும்.

உள்ளே நல்ல நடைபாதை, பிடித்துக்கொள்ளக் கம்பி, விளக்கு எல்லாம் உண்டு. முட்டுக்காரர்களுக்குச் சிக்கல் படிகளில்தான். ஏறுவதும் இறங்குவதுமாக நிறையப் படிகள், சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டு அதிகம் பிடிக்கும் என்பது அம்மாவுக்கே தெரியும். எத்தனை படி, நடுவே உட்கார எங்கே இடம் என்று டிக்கெட் வாங்கும் இடத்திலேயே பெரிதாக எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? பல இடங்களில் எழுதுவதில்லை. பாறையின் வயதை மட்டும் பளிங்குப் பலகையில் செதுக்கி வைக்கிறார்கள்.

அதனால் பரீட்சையை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துப் போங்கள். மேலே தொட்டி ஓரமாக நடந்துவிட்டு வருவது கணக்கில் சேராது. கீழே பறளியாற்றுப் பக்கம் இறங்கும் படிகளில் பாதி வரை மெதுவாக இறங்கி, திரும்பி ஏறட்டும். இரண்டு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினால் பரவாயில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாலோ, மறுநாள் முட்டு வீங்கினாலோ குகை வேண்டாம்.

இழுப்புக்கு வருவோம். பாலைவனம் என்றதும் காய்ந்த காற்று என்று நினைப்போம். குகைக்குள் நேர்மாறு. பாறை வெளிவெயிலை உள்ளே விடாது, அதனால் சூடு குறைவு. ஆனால் ஈரம் கசிந்துகொண்டே இருப்பதால் காற்று கனமாக இருக்கும், வியர்த்தால் உலராது. நம் ஊரில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இறங்குவதற்கு முந்தைய நாள் இருக்குமே, அந்தப் புழுக்கம். அம்மாவின் மருத்துவரிடம் ‘ஒமான் போகலாமா’ என்று கேட்காதீர்கள், ‘முக்கால் மணி நேரம் புழுக்கமான இடத்தில் படி ஏறலாமா’ என்று கேளுங்கள். இன்ஹேலர் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும், தம்பியின் கார் டாஷ்போர்டில் அல்ல.

உள்ளே ஓர் ஏரி இருக்கிறது. அதில் கண் தெரியாத மீன் வாழ்கிறது. குஞ்சாக இருக்கும்போது கண் உண்டு, வளர வளரத் தோல் மூடிவிடும். அதைப் பார்த்தாலே அம்மாவுக்குப் போன காசு திரும்பிவிடும்.

இனி ஏஜென்ட். குகை மேற்கே நிஸ்வா பக்கம், மணல்மேடுகள் தென்கிழக்கே பிதியா பக்கம். இரண்டையும் ஒரே நாளில் என்றால் அம்மா பார்ப்பது சாலையைத்தான். நோட்டீஸில் என்ன படம் போட்டிருக்கிறார் என்றும் பாருங்கள். மேலே ஓட்டை வழியாக வெளிச்சம் இறங்கும் பிரம்மாண்டமான கூடம் என்றால் அது மஜ்லிஸ் அல் ஜின் என்ற வேறொரு குகை. கயிற்றில் தொங்கி நூறு மீட்டருக்கு மேல் இறங்கவேண்டிய இடம். அந்தப் படத்தைக் காட்டி இந்த டிக்கெட்டை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஈசிஆர் விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. குடிபெயர்வு அனுமதி என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அம்மா மகனைப் பார்க்கப் போகிறார், வேலைக்கு அல்ல. அதோடு முடிந்தது. அப்படியே ஒரு பேச்சுக்கு வேலைக்கே போகிறார் என்று வைத்தாலும், 50 வயது தாண்டியவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை, அவர்கள் விலக்குப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆக, ஒன்றல்ல, இரண்டு வகையிலும் அம்மாவுக்கு விலக்கு. பாஸ்போர்ட்டில் அச்சு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ‘கிளியர்’ பண்ண அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும், தம்பியின் ரெசிடென்ட் கார்டு நகலும் கையில் இருந்தால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதற்காக ஒரு பாட்டியின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அதை வைத்து ஆயிரக்கணக்கில் பிடுங்க நாலு பேருக்கு வழி செய்து கொடுத்திருக்கிறார்களே, அவர்களைச் சொல்லவேண்டும்.

இந்த மாதிரி ஏஜென்ட் அடுத்து என்ன சொல்வார் என்பதும் தெரியும். ‘கூடவே வீட்டில் சும்மா இருக்கும் பையனையும் அனுப்புங்கள், விசிட்டில் இறக்கி வேலை விசாவுக்கு மாற்றிவிடலாம்.’ காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விசிட், டூரிஸ்ட் விசாக்களை உள்ளே இருந்தபடியே வேலை விசாவாக மாற்றுவதை எல்லா நாட்டவருக்கும் நிறுத்துவதாக ஒமான் போலீஸ் 2023 அக்டோபர் 31 அன்று அறிவித்தது. அதற்கு முன்னால் மாற்றியவர்களின் கதையைச் சொல்லி இன்னும் வசூலிக்கிறார்கள்.

விசாவை ஒமான் போலீஸின் இ-விசா தளத்தில் விதியைப் பார்த்துவிட்டுத் தம்பியே போடட்டும். குகை டிக்கெட்டையும் அவரே முன்கூட்டி நேரம் குறித்து எடுக்கட்டும். வெள்ளி, சனி அங்கே விடுமுறை, கூட்டம் நெரியும், மெதுவாக நடப்பவர்களுக்கு ஆகாது. மலையில் மழை பெய்தால் வெள்ளம் உள்ளே புகும் குகை அது, மூடிவிடுவார்கள். அதனால் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். மூடியிருந்தால் நிஸ்வா கோட்டையும் சந்தையும் வழியிலேயே இருக்கின்றன.

முன்பணம் ஏதும் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள், ஈசிஆர் கட்டணம் எதற்கென்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார். அப்போது பணத்தையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.