நுவரெலியாவில் கார் ஏசி 'டக் டக்' என்று அடிக்கடி வெட்டுகிறது. காஸ் அடிக்க வேண்டுமா?

நானுஓயாவில் ஓடும் ஜப்பான் வேகன் ஆர், பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருக்கா கொம்பிரசர் விழுந்து எழும்புகிறது, கராஜில் காஸ் குறைவு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு அடிக்காதீர்கள். "மலையில் ஏசி எதற்கு" என்று கீழே கொமென்ட்டில் கேட்கப் போகிறவர்கள், ஒரு மழை இரவில் ஏசி இல்லாமல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து றம்பொடை வளைவுகளில் இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

நடு வென்ட்டில் ஒரு சாதாரண தெர்மோமீற்றரைச் செருகுங்கள். காற்று 5, 6 பாகையில் சில்லென்று வந்துகொண்டே வெட்டினால் பெரும்பாலும் அது பழுதில்லை. கூலிங் கொயிலில் குத்தியிருக்கும் தெர்மிஸ்டர் என்ற வெப்பநிலை சென்சரைப் பார்த்து, கொயில் 3 பாகைக்குக் கிட்ட இறங்கியதும் ஐஸ் கட்டாமலிருக்கக் காரின் கணினி கொம்பிரசர் கிளட்சை விடுவிக்கிறது. கொழும்பின் 32 பாகைக் காற்றோடு மல்லுக்கட்டும் அதே கொம்பிரசருக்கு உங்கள் ஊரின் 16 பாகைக் காற்று சில விநாடி வேலைதான்.

உறுதிப்படுத்த ஒரு சதமும் செலவில்லை. நான்கு கதவையும் திறந்து, வெளிக்காற்றில் வைத்து, புளோவரைக் கடைசி வேகத்துக்கும் குளிரைக் கடைசி அளவுக்கும் திருப்பி, இஞ்சினை 1500 சுற்றில் பிடியுங்கள். கொம்பிரசர் வெட்டாமல் தொடர்ந்து ஓடும் நேரம் நீண்டால் விஷயம் முடிந்தது.

நீளாவிட்டால் டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னாலுள்ள கேபின் பில்டரைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அடைத்த பில்டரில் காற்று ஓட்டம் குறைந்து கொயில் சட்டென்று உறையும். சில கார்களில் பில்டரே கிடையாது, தூசி நேரே கொயிலில் அப்பிக்கொள்ளும்.

அடுத்தது தெர்மிஸ்டர். அதன் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், மலைநாட்டுப் பனி ஈரத்துக்கு அதன் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். குளிர் கூடக்கூட இதன் தடை கூடும். களிம்பும் தடையைத்தான் கூட்டுகிறது, ஆகவே கொயில் இருப்பதைவிடக் குளிராக இருப்பதாகக் கணினி நம்பி முன்கூட்டியே வெட்டுகிறது. சென்சரை ஐஸ் தண்ணீரில் விட்டு மல்டிமீற்றர் வையுங்கள். பல ஜப்பான் கார்களில் 0 பாகைக்கு 5 கிலோ ஓமுக்குக் கிட்ட, சீராக ஏற வேண்டும். துள்ளினால் மாற்றுங்கள்.

இனி காஸ். ஜப்பான் கார்களில் பிரஷர் சுவிட்ச் பெரும்பாலும் உயர் அழுத்தக் குழாயில்தான் இருக்கும், கிட்டத்தட்ட 28 பிஎஸ்ஐக்குக் கீழே போனால்தான் வெட்டும். காஸ் கொஞ்சம் குறைந்த கார் டக் டக் என்று வெட்டாது. குளிரவும் செய்யாமல் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். லோ, அதாவது குறைந்த அழுத்தப் பக்கத்திலேயே சுவிட்ச் வைத்த அமெரிக்க வகைக் கார்களில் கதை வேறு, அதை இதற்குள் கொண்டுவந்து சண்டைக்கு வராதீர்கள்.

பிறகு ஏன் கராஜில் குறைவு என்கிறார்கள்? கேஜ்தான் காரணம். கொழும்பில் லோ 30 முதல் 40 பிஎஸ்ஐ, ஹை, அதாவது உயர் அழுத்தப் பக்கம், 200க்குக் கிட்ட. குளிர் ஊரில் ஆர்134ஏ என்ற ஏசி காஸ் சரியாக நிரம்பிய காரே லோ 25, ஹை 100 முதல் 130 என்று காட்டும். கொழும்புக் கணக்கை மனதில் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ் அதைப் பார்த்ததும் கேனைத் தூக்கிவிடுவார். அளவுக்கு மீறிய அந்தக் காஸ் நுவரெலியாவில் சத்தமில்லாமல் கிடக்கும். கீழே சூடான அவிசாவளைச் சந்தியில் வெயிலில் நின்றால் ஹை எகிறி, 450 பிஎஸ்ஐ அளவில் சுவிட்ச் வெட்டும். உண்மையான பழுது அன்றுதான் ஆரம்பம். இஞ்சின் ஓடாதபோது எடுக்கும் பிரஷரும் உதவாது: உள்ளே திரவம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலே 100 கிராமுக்கும் 300 கிராமுக்கும் ஒரே எண்தான்.

காஸ் சந்தேகம் தீரவில்லையென்றால் முழுவதையும் மெஷினில் இழுத்து, அரை மணிக்குக் குறையாமல் வெக்குவம் போட்டு, பொனட் ஸ்டிக்கரில் உள்ள கிராமைத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். சின்னக் காரில் 50 கிராம் பெரிய பிழை. பெயின்ட் அடிக்கிறவர்கள் அந்த ஸ்டிக்கரின் மேலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டு 'புதுசு மாதிரி' என்று கையில் தருவது தனி எரிச்சல். அதை மூடிவிட்டு அடிக்க ஒரு துண்டு டேப் போதும்.

வெக்குவம் கேஜில் 29 அங்குலப் பாதரச அளவுக்கு வரவில்லையே என்று பம்பையும் மாற்ற வேண்டாம். 1868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. நுவரெலியாவில் கேஜ் 24 அங்குலத்தைத் தொட்டால் அதுவே முழு வெக்குவம்.